கேட்டு வாங்கித் தைத்த சட்டை

சரசு அந்தச் சட்டையைக் கையில் வாங்கவில்லை. ஒற்றை விரலால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான் சட்டை. மார்பில் வானநீல டெரிலின். ஒரு தோளில் சிவப்புப் பூப்போட்ட வாயில் துணி, மற்றத் தோளில் பச்சைக் கட்டம். முதுகு முழுக்கப் பழுப்புக் கோடு. பிஞ்சு உடம்பில் உறுத்தக் கூடாது என்று தையலையெல்லாம் வெளிப்பக்கமாக விட்டிருந்தேன். பித்தான் வைக்கவில்லை. பின்னால் முடிச்சுப் போட இரண்டு நாடா மட்டும்.

"ஏனுங்க, இதுல எந்தெந்த ஊட்டுத் துணி இருக்குது?"

பெருமையாகச் சொன்னேன். சிவப்பு வாயில் டீக்கடை அக்காவுடையது. பழுப்புக் கோடு லாரி டிரைவர் மாரியப்பனுடையது. நீலம் தோட்டத்து அம்மா வீட்டுத் துணி. இப்படி ஏழெட்டு வீடு.

"அல்லாரும் குடுத்தாங்களா?"

"குடுக்கறதென்ன, நம்ம கடைச் சாக்குல கெடந்ததுதான்."

விரலை எடுத்துக்கொண்டாள். "அப்படீன்னா ஒருத்தரும் குடுக்கலீங்க. நீங்களா எடுத்துக்கிட்டீங்க. இத அதுக்குப் போட முடியாதுங்க."

சரசு என் மனைவி. 'அது' என்று அவள் சொன்னது எங்கள் மகளை. பிறந்து பத்து நாள்கூட ஆகாத குழந்தை, பழைய வேட்டித் துணியில் சுருட்டியபடி அவள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. தை மாதம். கொல்லிமலைப் பக்கமிருந்து இறங்கும் பனி ஓட்டு இடுக்கு வழியாக வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

சாக்குக்குள் ஒரு ஊர்

சங்ககிரியில் லாரி சீட்டுத் தைத்துக்கொண்டிருந்த கதையைப் போன வாரம் படித்திருப்பீர்கள். அதற்குச் சில வருடங்கள் கழித்து, நாமகிரிப்பேட்டையில் ஒற்றை மிஷினோடு சொந்தக் கடை போட்ட பிறகு நடந்தது இது.

தையற்காரன் கடையில் நீங்கள் முதலில் பார்ப்பது மிஷினை. நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது மிஷினுக்குக் கீழே கிடக்கும் சாக்கை.

ஒரு சட்டை வெட்டினால் கழுத்தடியில் பிறை மாதிரி ஒரு துண்டு விழும். கை வெட்டும் இடத்தில் முக்கோணமாக ஒன்று. ஓரத்தில் நீளப் பட்டை. இதையெல்லாம் காலால் ஒதுக்கி ஒதுக்கிக் கடைசியில் சாக்கில் போடுவோம். தீபாவளி முடிந்தால் சாக்கு என் இடுப்புக்கு நிற்கும்.

அதில் எதுவும் வீணாகாது. சங்ககிரிப் பழக்கத்தில் டிரைவர்கள் என்னைத் தேடி வந்து தலையணை கேட்பார்கள். மேலுறை ஒட்டுத் துணி, உள்ளே திணிப்பதும் பொடிப்பொடியாக நறுக்கிய துண்டுத் துணி. பஞ்சுத் தலையணை லாரி ஆட்டத்தில் ஒரு மூலைக்குப் போய்விடும், துணித் தலையணை நகராது. வெற்றிலை போடுகிறவர்களுக்குச் சுருக்குப் பை. அடுப்பிலிருந்து சட்டி இறக்கப் பிடிதுணி. பள்ளிக்கூடத்துக்குச் சிலேட்டுத் துடைக்கும் மெத்தை.

பையன்களின் காக்கி டவுசருக்குப் பாக்கெட்டும் அதிலிருந்துதான். வெளியில் தெரியாத இடம்தானே என்று யார் வீட்டு வெட்டிலிருந்தோ எடுத்துப் போடுவோம். ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் கோலி தேடி ஒரு பையன் பாக்கெட்டை வெளியே இழுத்திருக்கிறான். பக்கத்தில் இருந்தவன், "டேய், அது எங்கம்மா ஜாக்கெட்டு" என்று கத்திவிட்டான். இரண்டு பேரும் சாயங்காலம் என் கடைக்கு வந்து ஞாயம் கேட்டார்கள். பாக்கெட் யாருக்குச் சொந்தம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. ஆளுக்கொரு காலி நூல்கண்டு உருளையைக் கொடுத்து அனுப்பினேன். அதில் வண்டி செய்து ஓட்டலாம் என்பதால் வழக்கு அதோடு முடிந்தது.

துணி கொடுத்தவர்கள் எல்லாரும் வாங்கும்போது ஒரே கேள்விதான் கேட்பார்கள். "மிச்சம் இருக்குதுங்களா?" அந்தக் காலத்துத் தையற்காரர்கள் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வோம். "கைக்குட்டைக்குக்கூட வராதுங்க." அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். யாரும் சாக்கைக் குனிந்து பார்க்க மாட்டார்கள்.

சரசு கேட்டது

எங்களுக்கு இதற்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் எங்களோடு தங்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத இன்றும் எனக்குக் கை வரவில்லை.

இரண்டுமே தம்மம்பட்டிப் பக்கத்தில் சரசுவின் தாய் வீட்டில் பிறந்தவை. அதனால் மூன்றாவதற்கு அங்கே போக மாட்டேன் என்று அவள் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். குழந்தை எடை குறைவாகப் பிறந்தது. "பயப்பட ஒண்ணுமில்லை, பாலைக் குடுங்க, குளிர் படாம வெதுவெதுப்பா வெச்சுக்குங்க" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனார்.

சரசு பாலைக் கொடுத்தாள். இரவெல்லாம் கையை அதன் வயிற்றில் வைத்து மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். ஆனால் முகத்தை நேராகப் பார்க்க மாட்டாள். பெயர் என்ன வைக்கலாம் என்று கேட்டால் வேறு பேச்சுப் பேசுவாள். நாளைக்கு, அடுத்த வாரம் என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் பிறந்தவை தங்காத வீட்டில், அடுத்த குழந்தைக்கு முதல் சட்டை புதுத் துணியில் தைக்க மாட்டார்கள். பெற்றவர்களில் ஒருவர் நாலு வீட்டு வாசலில் மடி ஏந்தி நிற்பார். அந்த வீட்டுக்காரர்கள் மனசாரக் கொடுக்கும் துணியை ஒட்டுப் போட்டுத் தைப்பார்கள். அதைப் போட்டுவிட்டால் அது ஒரு வீட்டுப் பிள்ளை இல்லை, கொடுத்த எல்லா வீட்டுக்கும் பிள்ளை. அந்தச் சட்டை ஆகும்வரை வேறு சட்டை போடுவதில்லை. அப்படிப் போய்க் கேட்டு வரத்தான் சரசு என்னிடம் சொல்லியிருந்தாள்.

பனியோ இறங்குகிறது. என் அவசரத்தில் எனக்குத் தோன்றியது இதுதான். ஊரில் பாதி வீட்டுத் துணி என் காலடியில் கிடக்கும்போது நான் ஏன் ஊரைச் சுற்ற வேண்டும்? ஒரே மத்தியானத்தில் தைத்து முடித்தேன். தையற்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

"துணி ஒண்ணுதான் சரசு. அவங்க கையால வந்தா என்ன, சாக்குல இருந்து வந்தா என்ன?" என்று அவளிடம் வாதாடிப் பார்த்தேன்.

"துணிக்காகங்களா கேக்கச் சொன்னேன்?" என்றாள். குழந்தையின் வேட்டித் துணியை இன்னொரு சுற்று இறுக்கிச் சுற்றினாள்.

நான் கடைக்குப் போய் பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தேன். துண்டுகளை ஒவ்வொன்றாக நீவி ஒரு பழைய துணியில் மூட்டையாக முடிந்துகொண்டேன்.

மாட்டிக்கொண்ட கதை

முதலில் டீக்கடை. அக்கா பாய்லருக்குப் பின்னால் நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். சிவப்பு வாயிலை எடுத்து அவர் முன்னால் வைத்து, விஷயத்தைச் சொல்லி, மேல்துண்டை இரண்டு கையிலும் விரித்து நின்றேன்.

அவர் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ற பொங்கல் ஜாக்கெட்டுத் துணியாச்சே."

"ஆமாங்க்கா."

"அன்னைக்குக் கைக்குட்டைக்குக்கூட வராதுன்னு சொன்னீங்க?"

நான் பாய்லரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெஞ்சியில் உட்கார்ந்திருந்த சவ்வரிசி ஆலைக்காரர்கள் திரும்பினார்கள். ஒருத்தர், "என்ற சட்டைத் துணியும் அந்த மூட்டைல இருக்குதான்னு பாருங்க டெய்லரே" என்றார். இன்னொருத்தர், "கோட்டு ஒண்ணே தெக்கலாமாட்ட இருக்குது" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்து, துண்டுத் துணியைக் கண்ணில் ஒற்றி, என் மேல்துண்டில் வைத்தார்.

"நல்லா இருக்கட்டும் சாமி. எனக்கு மூணும் பையனுக. இனிமே எனக்கும் ஒரு பொட்டப் புள்ளை இருக்குதுன்னு சொல்லிக்கறேன். சரசுகிட்டச் சொல்லுங்க."

சிரித்தவர்கள் அப்படியே அடங்கிவிட்டார்கள். கோட்டு என்று சொன்னவர் எழுந்து வந்து, தன் தோளில் கிடந்த துண்டின் கரையைக் கிழித்து, "என்ற துணி உங்க சாக்குல இல்லீங்க, இதையும் வெச்சுக்குங்க" என்று போட்டார். நாடாவுக்கு ஆயிற்று.

மாரியப்பனை லாரி நிற்கும் இடத்தில் பிடித்தேன். சக்கரத்தில் சுத்தியலால் தட்டிக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த பழுப்புக் கோடு போட்ட துணியைப் பார்த்ததும், "என்ற தலகாணி உறைய எதுக்குங்க பிச்சீங்க?" என்றார்.

"உறையைப் பிக்கலைங்க, அதுல மிஞ்சினது" என்று கதையைச் சொன்னேன்.

"எங்க வெச்சுத் தெப்பீங்க?"

"முதுகுக்குங்க."

"செரியான எடந்தான். பொறத்தால வர்றத நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு, ஆரன் அடிக்க மாட்டேன். புள்ளை தூங்கும்." சொல்லிவிட்டுத் துணியை இரண்டு கையாலும் கொடுத்தார். வேறெதுவும் அவர் இரண்டு கையால் கொடுத்து நான் பார்த்ததில்லை.

இப்படியே வீடு வீடாகப் போனேன். ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. பச்சைக் கட்டத்தைக் கொடுத்த வீட்டில் ஒரு டம்ளர் மோரும் தந்தார்கள். போகப் போக எனக்குக் கேட்பதில் கூச்சம் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், அடுத்த வீட்டில் என்ன சொல்வார்களோ என்று கேட்க ஆசையாகவே இருந்தது.

தோட்டத்து அம்மா

கடைசியில் மிச்சம் நின்றது நீலம்.

தோட்டத்து அம்மா என்று நாங்கள் சொல்வது, ஊருக்கு வெளியே மஞ்சள் காட்டுக்கு நடுவில் குடியிருந்த ஒருவரை. கணக்காகப் பேசுவார். துணி வெட்டும்போது பக்கத்தில் நின்று பார்ப்பார். கைக்குட்டைக் கதையெல்லாம் அவரிடம் நடக்காது. போன ஆடியில் அந்த டெரிலின் சட்டையைத் தைக்கக் கொடுத்தவர் அவருடைய தம்பி. அதனால்தான் துண்டு என் சாக்கில் தங்கியது.

நான் போனபோது மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். கொப்பரையிலிருந்து ஆவி எழும்பிக் கண்ணை மறைத்தது. வெந்த மஞ்சளின் மண்வாசம் தொண்டைவரை இறங்கியது. ஆவிக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"வாங்க டெய்லரு. மிச்சத் துணி மூட்டையோட ஊரச் சுத்தறீங்கன்னு டீக்கடையில பேசிக்கறாங்க."

சொன்னேன். நீலத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கி விரித்தார். நான் குழந்தையின் மார்புக்கு வெட்டியிருந்த துண்டு, அவர் உள்ளங்கையை மூடும் அளவுகூட இல்லை. கட்டை விரலால் அதைத் தடவிக்கொண்டே நின்றார்.

"இத நான் குடுக்க மாட்டனுங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு விரல்கடைத் துணி. அதுவும் என் சாக்கில் கிடந்தது. இதற்குப் போய் இப்படியா என்று நினைத்தேன்.

"உங்களுக்கு இல்லைன்னு சொல்லலீங்க," என்றார். "இது ஆகாதுங்க. இந்தச் சட்டையோடதான் அவனக் கொண்டாந்து எறக்குனாங்க."

அவருடைய தம்பி ரிக் வண்டியில் வடக்கே கிணறு துளைக்கப் போனவர். போன இடத்தில் காய்ச்சல் கண்டு உயிரோடு திரும்பி வரவில்லை. அது ஊருக்கே தெரியும். அவருக்கு நான் தைத்த சட்டை என்பது எனக்குத் தெரியும். அந்தச் சட்டையைத்தான் கடைசியாகப் போட்டிருந்தார் என்பது அந்த வீட்டுக்கு மட்டும் தெரியும்.

நான் தைத்து வைத்திருந்த சட்டையில் அந்த நீலம்தான் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

கொப்பரைக்குக் கீழே விறகு வெடித்தது. பிறகு அவர் கேட்டார், அதுவும் கேட்கத் தயங்கிக் கேட்டார். "இத நானே வெச்சுக்கட்டுங்களா? அந்தச் சட்டையில எங்ககிட்ட ஒண்ணுமே நிக்கலீங்க."

"உங்களுதுதானுங்க" என்றேன்.

அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு சின்ன வெள்ளைப் பாப்ளின் சட்டை.

"என்ற பெரிய பையன் நடை பழகறப்பப் போட்டது. இப்ப அவன் காலுக்கு ஊர்ல செருப்புக் கெடைக்க மாட்டேங்குது. காச்சல் மண்டையிடின்னு எதுக்கும் படுத்தவன் இல்லை. இதுல வேணுங்கற அளவு எடுத்துக்குங்க."

"கத்தரி கொண்டாரலைங்களே."

"கத்தரி என்னத்துக்கு?" தையலோரத்தைப் பல்லில் கடித்தார். சர்ரென்று கிழித்தார். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த துணி. அதை என் மேல்துண்டில் வைத்தபோது பார்த்தேன், அவர் விரல் பட்ட இடமெல்லாம் மஞ்சள் அப்பியிருந்தது. அவரும் பார்த்தார்.

"ஐயோ, கறை பண்ணீட்டனே. ஊட்டுக்குப் போயி அலசிப்போட்டுத் தெய்யுங்க."

"இருக்கட்டுங்க" என்றேன். அலசவில்லை.

திரும்பி நடக்கும்போது எனக்குக் கால் வேகமாகப் போகவில்லை. இந்த வழக்கங்களில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பாலிலும் வெதுவெதுப்பிலும்தான் குழந்தை பிழைத்தது என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஒன்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. துணியை எடுத்தவனுக்குத் துணி மட்டும்தான் தெரியும். கேட்டு நின்றதால்தான், அது யார் போட்டது, யார் அழுதது, யார் நடை பழகியது என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. ஒருவர் கொடுத்ததும் நன்மை, ஒருவர் கொடுக்க மறுத்ததும் நன்மை. இரண்டுக்கும் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

சரசு சொன்ன குறை

விளக்கு வைப்பதற்குள் தைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

இந்த முறை கையில் வாங்கினாள். மடியில் விரித்து, ஒவ்வொரு துண்டாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். நான் ஒவ்வொருவரும் சொன்னதை அப்படியே சொன்னேன். அக்காவுக்கு ஒரு பெண் பிள்ளை கிடைத்ததைச் சொன்னேன். மாரியப்பன் ஹாரன் அடிக்க மாட்டேன் என்றதைச் சொன்னபோது அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. நீலம் ஏன் இல்லை என்பதைச் சொன்னபோது மஞ்சள் விரல் பதிந்த இடத்தில் தன் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

பிறகு குழந்தையின் வேட்டித் துணியைப் பிரித்தாள். ஒரு கையை நுழைத்தாள். இன்னொரு கை கொஞ்சம் சண்டை போட்டது. திருப்பி நாடாவை முடிந்து, விளக்குப் பக்கமாகத் தூக்கிப் பிடித்தாள். அன்றுதான் அவள் அதன் முகத்தை முழுசாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். குழந்தையும் முழித்து அவளைப் பார்த்தது. பல நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி மாதிரி இருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தவள், அக்குளில் விரலை விட்டு இழுத்துப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. இன்னும் என்ன குறை வைத்துவிட்டேனோ?

"ஏனுங்க, இத்தனை வருசமாத் தெக்கறீங்க. வளர்ற புள்ளைக்கு யாராச்சும் இப்படி ஒட்டப் புடிச்சுத் தெப்பாங்களா?"

என் கடைக்கு வரும் எல்லா அம்மாக்களும் சொல்லும் குறை இது. எத்தனை பெரிதாகத் தைத்தாலும் சொல்வார்கள். அவர்கள் சொல்லும்போதெல்லாம் மனசுக்குள் அலுத்துக்கொண்டவன் நான். ஆனால் என் சொந்தக் குழந்தைக்கு வெட்டும்போது, அன்றைய அளவுக்கு ஒரு நூல்கூட அதிகம் விட எனக்குத் தைரியம் வரவில்லை. சரசு அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"பிரிச்சுப் பெருசாத் தெச்சுத் தாரேன்" என்றேன். "எவ்வளவு வேணும்?"

சரசு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். முதுகை மெதுவாகத் தட்டிக்கொண்டே, கடைக்கு வந்த வாடிக்கைக்காரி மாதிரி யோசித்தாள்.

"பள்ளிக்கொடம் போற வரைக்கும் பத்தோணுங்க" என்றாள்.